அம்மை ஷெட்டில் தாளித்த வாசம்

1. ரைட்டர் வர மறுத்த இடம்

நான் ஏற்காட்டுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இல்லை, காப்பி எஸ்டேட் டிஸ்பென்சரி. ஒரு மேஜை, ஒரு கட்டில், டிங்சர் பாட்டில், கொஞ்சம் மாத்திரை, ஊசி வேகவைக்க ஒரு ஸ்டெரிலைசர். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வருவார், அதுவும் மழை இல்லாவிட்டால். மற்ற நாளெல்லாம் டாக்டரும் நான்தான், கம்பவுண்டரும் நான்தான், பிரசவம் பார்ப்பவளும் நான்தான்.

முதல் நாள் எஸ்டேட் ரைட்டர் எனக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, கூலி போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நெற்றி நிறையத் திருநீறு, நல்ல மனிதர், பயந்த சுபாவம். காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் ஹவுஸ், காயப்போடும் களம், ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவர், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதை வந்ததும் நின்றுவிட்டார்.

"அங்க ஒரு ஷெட் இருக்குதுங்க சிஸ்டரம்மா. அதுவும் டிஸ்பென்சரி சார்ஜுதான். நீங்களே போய்ப் பாத்துக்குங்க."

"ஏன், நீங்க வரலையா?"

"நமக்கு ஆகாதுங்க," என்று திரும்பியே நடந்துவிட்டார்.

பெரியம்மை இருந்த காலத்தில் நோய் கண்டவர்களைத் தனியாக வைக்க வெள்ளைக்கார துரை கட்டிய கட்டடம் அது. அம்மை ஷெட் என்பார்கள். நீளமாக ஒரே அறை, தகரக் கூரை, பின்பக்கம் சமைக்க ஒரு சாய்ப்பு. உள்ளே போனவர்கள் பலபேர் திரும்பி வரவில்லையாம். பெரியம்மை ஒழிந்ததும் பூட்டிவிட்டார்கள்.

நான் போனது மத்தியானம். ஆனால் மேகம் இறங்கி வந்து, எதிரில் இருக்கும் மரம்கூடத் தெரியாமல் மூடியிருந்தது. கதவைத் தள்ளினேன். வரிசையாக இரும்புக் கட்டில்கள், மெத்தை இல்லை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் வட்டமாக ஒரு கருப்புக் கறை. சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலை எண்ணெய் அது. ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தலை பட்ட இடம் மட்டும் அப்படியே இருந்தது. நான் சுலபத்தில் பயப்படுகிற ஆள் இல்லை. இருந்தாலும் அன்றைக்குச் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

2. அடிவாரத்து வேப்பிலை

டிஸ்பென்சரிக்கு வரும் பெண்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை, "வழுக்கி உழுந்துட்டனுங்க." ஏற்காட்டில் வழுக்கி விழ இடத்துக்கா பஞ்சம்? ஆனால் வழுக்கி விழுந்தவள் முதுகில் பெல்ட்டின் பக்கிள் பதியாது. கழுத்தில் ஐந்து விரலும் பதியாது.

ஒருநாள் ஒரு பெண் மண்டை உடைந்து வந்தாள். தையல் போட்டுக் கட்டுப்போடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டு வேண்டாமுங்க. வெள்ளையாத் தெரிஞ்சா டிஸ்பென்சரிக்குப் போனேன்னு அதுக்கும் அடிப்பாருங்க." எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ட்ரேயைச் சுவரில் அடித்தேன். பாவம், அதற்கும் அவள்தான் பயந்து ஒடுங்கினாள்.

அன்று சாயங்காலம் ஜைனம்பு அக்காவிடம் போய்ப் புலம்பினேன். கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். சேலத்திலிருந்து சரக்கு ஏற்றிவர அவர் வீட்டுக்காரரிடம் ஒரு ஜீப் இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"ஏம்மா, உங்கிட்டத்தான் யாரும் எட்டிப் பாக்காத ஊடு ஒண்ணு இருக்குதே?"

"அங்க யாருக்கா இருப்பாங்க? எனக்கே நடுக்கமா இருக்குது."

"நடுங்கினாத்தானே நல்லது? அம்மை கண்டிருக்குன்னு சொல்லி வேப்பிலையைச் சொருகிரு. எந்த ஆம்பளை அந்த வாசப்படியை மிதிப்பான்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பெரியம்மை போனாலும் சின்னம்மை இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்தால் வெளியாள் உள்ளே போக மாட்டார்கள். படுத்திருப்பவளின் பெயரைக் கேட்க மாட்டார்கள். அவளை நோயாளி என்றே நினைப்பதில்லை. ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சுகாதாரப் பாடத்தில் நான் படித்த எந்தத் தடுப்பும் இதற்கு ஈடாகாது.

ஒரே சிக்கல், எங்கள் மலை மேல் வேம்பு சரியாக வராது. அடிவாரத்திலிருந்துதான் வர வேண்டும். சரக்கு ஏற்றிவரும் ஜீப்பில் அரிசி மூட்டைக்கு மேல் ஒரு கட்டு வேப்பங்குழை வரும். திரும்பிப் போகும்போது அதே ஜீப்பில், காலிச் சாக்குகளுக்குள் ஒரு பெண் இறங்கிப் போவாள். சேலத்தில் ஜைனம்பு அக்காவின் தங்கை வீடு, அங்கிருந்து எங்காவது ஒரு மில், ஒரு ஹாஸ்டல் சமையல். வந்தவர்களை நான் எண்ணி வைக்கவில்லை. டாக்டருக்கோ ரைட்டருக்கோ ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

3. கடுகு

சரோஜா வந்தது மலையிலேயே இன்னொரு ஊரான வாழவந்திப் பக்கத்திலிருந்து. புருஷன் வெள்ளையனுக்குச் சொந்தமாக மிளகும் கொஞ்சம் காப்பியும் இருந்தன. மரத்தில் கிளை கழிக்கும் கொடுவாளை எந்நேரமும் முதுகுப்பக்கம் இடுப்பில் சொருகியிருப்பான். அதன் மொண்ணைப் பக்கத்தால் அவள் தொடையில் அடித்திருந்தான். அடுத்த தடவை கூர்ப்பக்கம் என்று சொல்லியும் இருந்தான். அடித்துப் போட்டுவிட்டு, தண்ணீர் கேட்டவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் சொம்பை எடுத்துத் தானே குடித்தானாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

அவளை உடனே அனுப்ப முடியவில்லை. வெள்ளையன் அடிவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்குகிற பஸ், லாரி, ஜீப் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிடைத்தால் வெட்டுவேன் என்று டீக்கடையில் பகிரங்கமாகவே சொன்னானாம். பிடிபட்டால் சரோஜா செத்தாள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதனால் வேப்பிலை வாடவாட மாற்றிக்கொண்டு, அவளை ஷெட்டிலேயே வைத்திருந்தோம்.

தனியாக இருக்கப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"தனியா எங்கீங்க இருக்கறேன்? நொம்பப் பேரு இருக்கறாங்க. ராவானா இருமுறாங்க. தண்ணி கேக்கறாங்க. ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழ ஒரு டம்ளர் தண்ணி வெச்சுட்டுப் படுத்துக்கறனுங்க."

காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை. குனிந்து பார்த்தால், உண்மையிலேயே எல்லாக் கட்டிலுக்கும் கீழே தண்ணீர் இருந்தது. டம்ளர் போதாமல் கொட்டாங்குச்சியிலும் வைத்திருந்தாள். அடிபட்ட மனசு அப்படித்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ஏற்பாட்டைக் கெடுக்கப் பார்த்தது கடுகு. ஜைனம்பு அக்கா சாமான் பொட்டலம் கட்டும்போது பழக்கத்தில் கடுகும் மிளகாயும் சேர்த்துக் கட்டிவிட்டார். வெறும் கஞ்சி குடித்துக் குடித்து நாக்குச் செத்துப்போன சரோஜா, ஒரு மத்தியானம் ரசம் வைத்துத் தாளித்துவிட்டாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கவே கூடாது. அடுப்பில் எண்ணெய் காயக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது. ஆத்தாவுக்கு ஆகாது. இது இந்த மலையில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

மேகம் மூடிய நேரம், வாசம் மேலே போக வழியில்லாமல் காட்டுக்குள் பரவியது. பழம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இத்தோடு முடிந்தது, யாரோ பொய்யாக ஒளிந்திருக்கிறார்கள் என்று கதவை உடைக்கப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நடந்ததோ வேறு.

"சிஸ்டரம்மா, உள்ள படுத்திருக்கறது ஆளே இல்லீங்க," என்றாள் ஒருத்தி.

"பின்னே?"

"மனுசி எவளாச்சும் அம்மை ஊட்ல தாளிப்பாளுங்களா? நெனைக்கவாச்சும் தகிரியம் வருமுங்களா? ஆத்தாளேதானுங்க அடுப்புப் பத்த வெச்சிருக்கறா."

இந்த மலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்புக் கணக்கு அது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் உயிர் வந்தது. ஆனால் பேச்சு லைன் வீடுகளைத் தாண்டி, வாழவந்தி வரைக்கும், அடிவாரம் வரைக்கும் போனது. ஷெட்டில் ஆத்தா குடியிருக்கிறாள், கேட்டதைச் சொல்லுவாள் என்று வளர்ந்தது. காணாமல் போன ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவன் காதிலும் அது விழுந்தது.

4. கதவுக்கு வெளியே

வெள்ளையன் நேராக ரைட்டரிடம் வந்தான். ஆத்தாவிடம் ஒரு வாக்குக் கேட்க வேண்டும் என்றான். ரைட்டர் அவனை அழைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்துவிட்டார். மறுத்தால் சந்தேகம் வரும். ஓடிப்போய்ச் சரோஜாவிடம் சொல்லவும் நேரம் இல்லை. "தூரத்துல நின்னு கும்பிட்டுட்டுப் போயிரணும். கதவைத் தொடப்படாது," என்று சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

அன்றும் மேகம். ரைட்டர் பாதித் தூரத்தில் நின்றுவிட்டார். நானும் வெள்ளையனும் வாசப்படிக்கு முன்னால் நின்றோம். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவன் தோளில் போர்த்தியிருந்த கம்பளியை எடுக்காமலே மண்டிபோட்டான்.

"தாயே, எம் பொண்டாட்டி ஊட்டை உட்டுப் போயிட்டா. எங்க இருக்கறான்னு ஒரு வார்த்தை சொல்லு. ஆட்டுக் கெடா வெட்டறேன்."

உள்ளே சத்தமே இல்லை. தகரத்தில் நீர் சொட்டும் சத்தம் மட்டும். சரோஜா இருமிவிடக் கூடாது, தும்மிவிடக் கூடாது என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"அவ தண்ணி கேட்டப்பக் குடுத்தியா?"

சரோஜாவின் குரல் மெல்லிசு. இது வெகுநாள் தண்ணீர் படாத தொண்டை. ஆண் குரலா பெண் குரலா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு இடத்திலிருந்து வரவில்லை, அந்த நீள அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இருந்து வந்தது.

"முதுகுல சொருகியிருக்கறதை எடுத்து வெச்சுட்டுப் போ. இனித் தேடாதே."

கம்பளிக்குள் கையை விட்டுக் கொடுவாளை உருவி வாசப்படியில் வைத்தான். அது அவனிடம் இருந்ததை அதுவரை நான் பார்க்கவில்லை. எழுந்து, புறமுதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, மேகத்துக்குள் மறைந்தான். ரைட்டர் எப்போது ஓடினார் என்று தெரியாது.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன். பலே பெண்ணே என்று கட்டிக்கொள்ளத்தான் போனேன். சரோஜா கடைசிக் கட்டிலுக்குப் பின்னால் மூலையில் சுருண்டு கிடந்தாள். சேலை முந்தானையைத் தொண்டை வரைக்கும் வாயில் திணித்து, பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருந்தாள். தாடையைப் பிடித்து அழுத்தித்தான் துணியை இழுக்க முடிந்தது. மூச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"யாருங்க சிஸ்டரம்மா பேசுனது?"

கட்டிலுக்கடியில் பார்த்தேன். டம்ளரிலும் கொட்டாங்குச்சியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையில்தான் ஊற்றினேன் என்றாள். நான் அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவள் நம்பவும் இல்லை.

வெள்ளையன் அதன்பின் அடிவாரத்தில் உட்காரவில்லை. அடுத்த ஜீப்பிலேயே சரோஜா இறங்கிப் போனாள். கோயமுத்தூர்ப் பக்கம் மில் வேலை கிடைத்து நன்றாக இருக்கிறாள் என்று ஜைனம்பு அக்காவுக்குச் சேதி வந்தது.

5. பாப்பாத்தி

வெள்ளையன் திருந்திவிட்டான் என்று ஊர் சொன்னது. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒரு பானை கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து ஷெட் வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவான். அந்தப் பக்கம் யாராவது ஆம்பளை வந்தால் அவனே விரட்டுவான். ஷெட்டில் ஒளிந்திருந்த பெண்கள் அவன் வைத்த கூழைத்தான் குடித்தார்கள். இதைவிட நல்ல காவல் ஏது என்று நானும் ஜைனம்பு அக்காவும் சிரித்துக்கொண்டோம்.

சில வருஷம் கழித்து ஒரு பெண் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து வந்தாள். பெயர் பாப்பாத்தி. புருஷன் பெயரைக் கேட்டேன். வெள்ளையன். ரெண்டாம் தாரமாகக் கட்டியிருக்கிறான். ஆத்தாவுக்கு நடுங்கினவன், ஆத்தாவுக்கு மட்டும்தான் நடுங்கியிருக்கிறான்.

மரக்கட்டை வைத்துக் கட்டினேன். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் நின்றுபோயிருந்தது. வைக்க வேறு இடம் இல்லை, அம்மை ஷெட்டில்தான் வைத்தேன். பாதை சரியாவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

அன்று நான் அவள் கூடவே உள்ளே இருந்தேன். கதவைத் தாழ்போட்டிருந்தோம். கூழ்ப் பானையை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்.

"தாயே, மொதப் பொண்டாட்டியைத் தேடாதேன்னு சொன்னே. உன்ற பேச்சைத் தட்டல, தேடல. இவளும் போயிட்டா. இவளையாச்சும் எனக்குக் குடுத்துரு."

பாப்பாத்தி நல்ல கையால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் இருந்த கறைகளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "பேசு தாயீ. பேசு தாயீ." முதல் பெண்டாட்டிக்கு ஆத்தா பேசிய கதை அவளுக்கும் தெரியும், மலைக்கே தெரியும். நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உண்மையைச் சொன்னால்.

ஒன்றும் வரவில்லை. அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் ஒன்றும் இல்லை. அவன் குரல் மாறியது.

"என்ன, உள்ள இருக்கறயா இல்லியா?"

வாசப்படியில் கால் வைக்கும் சத்தம். வேப்பிலை சரசரத்தது. கதவை உள்பக்கம் தள்ளினான், தாழ் இழுபட்டது. பழைய தாழ், இரண்டு தள்ளுக்குத் தாங்காது. நான் எழுந்து தாழை நீக்கிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"வெள்ளையா, பாப்பாத்தி இங்கதான் இருக்கறா. நீ ஒடிச்ச கைக்குக் கட்டுப்போட்டு நான்தான் வெச்சிருக்கறேன்."

ஒரு நொடி திகைத்தான். பிறகு வெள்ளைச் சேலையில் நிற்பது ஆத்தா இல்லை, டிஸ்பென்சரி நர்ஸ் என்று புரிந்ததும் முகத்தில் ஒரு இளிப்பு வந்தது.

"அப்ப இத்தனை நாளும் நீங்கதான் என்னைய ஏமாத்துனீங்களா? அன்னிக்குப் பேசுனதும் உங்க வேலைதானா?"

"அன்னிக்கு நான் உம் பக்கத்துல நின்னேனே, மறந்துட்டியா?"

இளிப்பு நின்றது. "உள்ள யாரு இருந்தா?"

"சரோஜா."

"அவதான் பேசுனாளா?"

ஆமாம் என்றால் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பான். ஆத்தா என்றால் நம்பியிருக்க மாட்டான், அந்தப் பயத்தைத்தான் நானே வெளியே வந்து கெடுத்துவிட்டேனே. கண்டதை அப்படியே சொன்னேன்.

"அவ பேசல. வாயில துணியைத் திணிச்சுக்கிட்டு மூலையில கிடந்தா. நான்தான் புடுங்கி எடுத்தேன். வேற ஒரு ஆளும் உள்ள இல்ல. பேசுனது யாருன்னு எனக்கும் தெரியாது வெள்ளையா. இத்தனை வருசமா எனக்கும் பயமாத்தான் இருக்குது."

நடிக்க எனக்கு வராது. பேசும்போதே நானும் ஒருதரம் உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அதை அவன் பார்த்தான். என் தோளுக்கு மேல் இருட்டறையைப் பார்த்தான். கட்டிலில் பாப்பாத்தி உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தானா, அவளுக்குப் பின்னால் வேறு எதையாவது பார்த்தானா, எனக்குத் தெரியாது. வாசப்படியை விட்டு இறங்கினான். சில்வர் ஓக் மரங்கள் வரைக்கும் நடந்தான், அப்புறம் ஓடினான். அதற்குப் பிறகு எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவன் வரவில்லை.

பாதை சரியானதும் பாப்பாத்தியோடு நானும் ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினேன். காலிச் சாக்குக்குள் ஒளிக்கவில்லை, முன்சீட்டில் உட்கார வைத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் அவள் கையைக் காட்டி நடந்ததைச் சொன்னோம். இன்ஸ்பெக்டர் குடும்ப விவகாரம் என்று இழுத்தார். எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். எழுதினார்.

மலை இறங்கும் வழியில் அவள் ஒன்று கேட்டிருந்தாள். "அந்த அக்காவுக்கு மட்டும் பேசுனாங்களே சிஸ்டரம்மா, எனக்கு ஏனுங்க பேசல?"

"தெரியல கண்ணு."

கொண்டை ஊசி வளைவு ஒன்று தாண்டும்வரை யோசித்தாள். "எனக்குப் பேச நீங்க இருந்தீங்கள்ல, அதனாலயா இருக்குமுங்க," என்றாள்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒளித்து வைக்க இடம் வேண்டும், அது இல்லாமல் பல உயிர் தப்பியிருக்காது. ஆனால் அதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சரோஜா விஷயத்தில் ரைட்டருக்கு வெள்ளையன் பெண்டாட்டியை அடிப்பது தெரியும், டீக்கடைக்குத் தெரியும், அடிவாரத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம், உள்ளே அவளும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்தாள். பேச வேண்டிய எல்லாரும் அப்படி நின்றதால்தான் அந்தக் குரல் பேச வேண்டியிருந்தது என்று நான் நம்புகிறேன். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் பாப்பாத்திக்குப் பிறகு எந்தப் பெண் அடிபட்டு வந்தாலும், அவள் புருஷனைக் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க டிஸ்பென்சரி வாசலில் வைத்து நானே பேசிவிடுவேன்.